கடலோரக் கடுதாசி - 23: பெரியம்மாவின் ரசமட்டம்

மூணு வாரமா கடுதாசி வரலையேன்னு ரெண்டு பேர் விசாரிச்சிருந்தீங்க. (ரெண்டே பேரு தானான்னு கேட்டு மானத்தை வாங்காதீங்க.) போன டிசம்பர்ல அட்லாண்டிக்கைக் கப்பல்ல தாண்டினேன், எழுதுறேன்னு சொல்லி ஏமாத்திக்கிட்டே இருந்தேன் இல்லையா, இன்னிக்கு எழுதியே தீர்றது.

முதல்ல, ஒரு மாணவப் பயலுக்கு ஏது கப்பல் பயணம்? காசு என்னோடது இல்லை. எல்லாம் பெரியம்மா கண்ணால வந்தது.

பெரியம்மா துறையூர்ல இருந்து இங்க சௌதாம்ப்டன்ல இருக்கிற அண்ணன் வீட்டுக்கு ஆறு மாசம் இருக்கலாம்னு வந்தாங்க. வந்த இடத்துல இடது கண்ணுல விழித்திரை கழண்டுக்கிச்சு. உடனே ஆபரேஷன். விழித்திரையைத் திருப்பி ஒட்ட வைக்கக் கண்ணுக்குள்ள ஒரு வாயுவை நிரப்புவாங்க. அது குமிழியா உள்ளே நின்னு, விழித்திரையைச் சுவரோட சேர்த்து அமுக்கிப் பிடிச்சுக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தானா கரைஞ்சிடும். பெரியம்மாவுக்குப் போட்ட வகை கரைய ரெண்டு மாசம் வரைக்கும் ஆகும். அதுவரைக்கும் விமானத்துல ஏறவே கூடாது. கையில ஒரு பட்டையைக் கட்டி விட்டாங்க, கண்ணுல வாயு இருக்கு, பறக்கக் கூடாதுன்னு.

காரணம் பள்ளிக்கூடத்துல படிச்ச பாயில் விதி தான். விமானத்துக்குள்ள காத்தழுத்தம் தரையில இருக்கிற மாதிரி இருக்காது. 6,000 இல்லைன்னா 8,000 அடி மலை உச்சியில இருக்கிற அளவுக்குத் தான் வச்சிருப்பாங்க. தரையில 1013 மில்லிபார்னா உள்ளே 750 வரைக்கும் இறங்கலாம். அழுத்தம் குறைஞ்சா வாயு விரியும், மூணுல ஒரு பங்கு கூடும். பலூன்ல விரிஞ்சா பரவால்லை. கண்ணுக்குள்ள விரிஞ்சா ரத்தம் போற வழி அடைபட்டு, பார்வையே போயிடலாம்.

இதுல சிக்கல் என்னன்னா, நியூஜெர்சியில இருக்கிற அக்காவுக்கு டிசம்பர் கடைசி வாரம் பிரசவ தேதி. முதல் குழந்தை. பெரியம்மா அங்க போகத்தான் எட்டு மாசத்துக்கு முன்னாடியே டிக்கெட் போட்டு வச்சிருந்தாங்க. "என் பொண்ணு பிரசவத்துக்கு நான் இல்லாம யாரு இருப்பா?"ன்னு அழுகை. அண்ணன் தான் மெதுவா அறுவை செஞ்ச டாக்டர்கிட்ட கேட்டார், "கப்பல்ல போகலாமா?"ன்னு. அவர் குமிழி அளவைப் பார்த்துட்டு, போகலாம், ஆனா மல்லாந்து படுக்கக் கூடாது, வலி வந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே கப்பல் டாக்டர்கிட்ட போகணும்னார். கூடவே கண் அழுத்தம் குறைக்கிற சொட்டு மருந்து. அண்ணனுக்கு அமெரிக்க விசா இல்லை. ஒரு மாநாட்டுக்காக வாங்கின விசா என்கிட்ட இருந்துச்சு. ஆச்சு, துணைக்கு நான்!

சௌதாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவுல ஒழுங்கா அட்டவணை போட்டு ஓடுற லைனர்னா இப்ப குவீன் மேரி 2 ஒண்ணு தான். 2004-ல ஓட ஆரம்பிச்சது. நீளம் 345 மீட்டர். சும்மா வெயில் கடல்ல மிதக்கிற சொகுசுக் கப்பல்களுக்கும் லைனருக்கும் வித்தியாசம் உண்டு. அட்லாண்டிக் குளிர்காலத்துக்குன்னே கனமான இரும்பு, நீளமான கூரான மூக்கு, உயிர்ப்படகுகள் எல்லாம் தண்ணி மட்டத்துல இருந்து நல்லா உசரத்துல, தேவைப்பட்டா எடுக்கக் கைவசம் கொஞ்சம் கூடுதல் வேகம். ஏழு ராத்திரி பயணம். 1952-ல யுனைடெட் ஸ்டேட்ஸ்ங்கிற கப்பல் மூணரை நாள்ல தாண்டிடுச்சு. இப்ப ஏன் இவ்வளவு சாவகாசம்னா, புயல் வந்தா சுத்திப் போக நேரம் இருக்கட்டும்னும் தான்.

நான் இங்க படிக்கிறது கடலியல். அதனால வீட்டுல எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை, "இவன் கூடப் போனா பயமில்லை"ன்னு. உண்மையில பயந்தது நான் ஒருத்தன் தான். ஏன்னா வட அட்லாண்டிக் டிசம்பர்ல என்ன பண்ணும்னு எனக்குத் தானே தெரியும்.

வட அமெரிக்கக் கண்டத்துல இருந்து உறைஞ்ச காத்து இறங்கி வரும். கீழே கல்ஃப் ஸ்ட்ரீம், வெந்நீர் மாதிரி ஓடிட்டு இருக்கும். இந்த ரெண்டும் உரசுற இடத்துல, அமெரிக்காவோட கிழக்குக் கரைக்கு வெளியே, தாழ்வு மண்டலங்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா பிறந்து ஐஸ்லாந்துப் பக்கமா ஓடும். சிலது ஒரே நாள்ல 24 மில்லிபாருக்கு மேல ஆழமாயிடும். அதுக்கு வானிலைக்காரங்க வச்ச பேரே 'வெடிகுண்டு'. மேற்கே போற கப்பல் இதை எல்லாம் நேருக்கு நேர் சந்திக்கணும். கிழக்கே வர்ற கப்பலை இதே காத்து முதுகுல தட்டி அனுப்பி வைக்கும். நமக்கு வாய்ச்சது மேற்கு.

எங்க வளாகத்துல ஒரு கதை சொல்லுவாங்க, கதை இல்லை, அளந்து வச்ச உண்மை. 2000 பிப்ரவரி 8-ம் தேதி, இங்கத்த ஆராய்ச்சியாளர்கள் டிஸ்கவரிங்கிற 90 மீட்டர் கப்பல்ல ஸ்காட்லாந்துக்கு மேற்கே மாட்டிக்கிட்டாங்க. கப்பல்ல இருந்த அலைமானி, குறியீட்டு அலை உயரம் 18.5 மீட்டர்னு காட்டுச்சு. தனி அலைகள்ல பெருசு 29.1 மீட்டர். பத்து மாடிக் கட்டடம்னு வச்சுக்கோங்க. குறியீட்டு உயரம்னா, வர்ற அலைகள்ல பெரிய மூணுல ஒரு பங்கை மட்டும் எடுத்து அதுங்களோட சராசரி. அதனால 'அலை 6 மீட்டர்'னு அறிக்கையில போட்டிருந்தா, நடுவுல ஒண்ணு 11, 12-ன்னு வரலாம், அதுக்கு யார் மேலயும் கோபப்பட முடியாது. 2013 பிப்ரவரி 4-ல பிரிட்டனுக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவுல ஒரு மிதவை 19 மீட்டர் காட்டி, அது மிதவை அளந்ததுலயே உலக சாதனையாச்சு. பழைய குவீன் மேரியே 1942 டிசம்பர்ல பத்தாயிரத்துக்கு மேல அமெரிக்கப் படையாட்களோட வந்தப்போ, ஒரு அலை பக்கவாட்டுல அடிச்சு 52 டிகிரி சாஞ்சு, பிழைச்சதே பெரிய விஷயம். இதெல்லாம் நான் பெரியம்மாகிட்ட சொல்லலை. சொல்லியிருந்தா "அப்ப நீ வராத, நான் மட்டும் போறேன்"ன்னு கிளம்பியிருப்பாங்க.

எனக்கு அலையை விட இன்னொரு கவலை. புயல்னாலே அழுத்தக் குறைவு. கடல் மட்டத்துலயே இருந்தாலும், ஆழமான தாழ்வுக்குள்ள போனா அது மலை ஏறுற மாதிரி தான். ஒரு மில்லிபாருக்குச் சுமாரா எட்டரை மீட்டர். கிளம்புறதுக்கு முன்னாடி பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தோட அஞ்சு நாள் வரைபடங்களை அச்செடுத்துப் பார்த்தேன். நாலாவது நாள் நடு அட்லாண்டிக்ல ஒரு தாழ்வு, மையத்துல 948. நாங்க கிளம்புற அன்னிக்கு சௌதாம்ப்டன்ல 1029. மையத்துக்குள்ள போனா 81 மில்லிபார் இறக்கம், 700 மீட்டர் மலை. ஏற்காடு ஏறுறதுல கிட்டத்தட்ட பாதி. அறுவை செஞ்ச டாக்டர் மலைப்பாதையும் வேண்டாம்னு சொல்லியிருந்தார். அண்ணனை விட்டு அவங்களுக்கு போன் போட வச்சேன். விமானம் இருபது நிமிஷத்துல செய்யறதை இது ஒரு நாள் முழுக்க எடுத்துச் செய்யும், கண்ணுக்குள்ள இருக்கிற நீர் வடிஞ்சு இடம் கொடுக்க நேரம் இருக்கும், போய்ட்டு வாங்கன்னு பதில் வந்துச்சு. மனசு கேக்கலை தான். ஆனா பெட்டி கட்டியாச்சு.

முதல் நாள் குளம் மாதிரி இருந்துச்சு. விடியறதுக்கு முன்னாடி பிஷப் ராக் கலங்கரை விளக்கம் தாண்டியாச்சு. அதுக்கு அப்புறம் கரை கிடையாது. பெரியம்மா சாப்பாட்டுக் கூடத்துல உக்காந்து, "இதுக்கா இவ்வளவு பயந்த? காவேரியில பரிசல் கூட இதை விட ஆடும்"ன்னாங்க. நான் பதில் சொல்லலை. என் போன்ல காத்தழுத்தமானி இருக்கு. (நிறைய போன்ல இருக்கு, தேடிப் பாருங்க.) ரெண்டாம் நாள் மத்தியானம் 1024.

தினம் மத்தியானம் கப்பல் சங்கு ஊதி, கேப்டன் ஒலிபெருக்கியில பேசுவார். இடம், ஆழம், காத்து எல்லாம் சொல்லுவார். அன்னிக்கு அவர் சொன்னது, முன்னாடி ஒரு தாழ்வு இருக்கு, நேர் வழியை விட்டுத் தெற்கே இறங்கிப் போறோம், ஆனாலும் ஆடும், கம்பியைப் பிடிச்சு நடங்க. நான் அப்படியே அவர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். தெற்கே போனா ரெண்டு லாபம். காத்து கொஞ்சம் குறையும், அழுத்தமும் அந்த 948 வரைக்கும் இறங்காது.

மூணாம் நாள் காலையில நீச்சல் குளத்துத் தண்ணியை வடிச்சு வலை போட்டுட்டாங்க. வெளித்தளக் கதவுகளுக்குச் சங்கிலி. மாடிப்படிக் கைப்பிடிகள்ல வரிசையா காகிதப் பைகள் சொருகி வச்சிருந்தாங்க, எதுக்குன்னு சொல்ல வேண்டாம். தென்மேற்குக் காத்து 45 நாட். அதை எதிர்த்து கப்பல் போற வேகமும் சேர்ந்ததால மேல்தளத்துல 60-க்கும் மேல.

ஆட்டத்துல ரெண்டு வகை. பக்கவாட்டு ஆட்டத்துக்கு வயித்துக்குக் கீழ துடுப்பு மாதிரி நாலு ஸ்டெபிலைசர் வச்சிருக்காங்க, விமான இறக்கை மாதிரி வேலை செஞ்சு அடக்கிடும். ஆனா முன்பின் ஆட்டத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அணியம் ஏறும், ஒரு நொடி நிக்கும், அப்புறம் இறங்கும் பாருங்க... அலைக்கும் அலைக்கும் இடைவெளி 10 நொடின்னா அலை நீளம் 156 மீட்டர், 345 மீட்டர் கப்பல் ரெண்டு முகட்டு மேல உக்காந்து சொகுசா போயிடும். இடைவெளி 15 நொடி ஆனா அலை நீளம் 351 மீட்டர். கப்பல் நீளமும் அலை நீளமும் ஒண்ணாயிடும். அப்ப கப்பல் ஒவ்வொரு அலையையும் முழுசா ஏறி முழுசா இறங்கும். அன்னிக்கு சாயங்காலம் நான் கைக்கடிகாரத்தை வச்சு எண்ணினேன். 13, 14, 13, 14.

அதுக்கு மேல எண்ண முடியலை. கடலியல் மாணவர் காகிதப் பையை எடுத்துக்கிட்டு அறைக்கு ஓடிட்டார்.

எங்க அறை நடுக்கப்பல்ல கீழ்த்தளம், ஜன்னல் கிடையாது. (மலிவு, ஆட்டமும் அங்க தான் குறைவு.) நான் தரையில சுருண்டு கிடக்க, பெரியம்மா கட்டில்ல சம்மணம் போட்டு, சுக்கைக் கடிச்சுக்கிட்டு சாவகாசமா உக்காந்திருக்காங்க. "உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா பெரியம்மா?"ன்னேன்.

"எனக்கு என்னடா? கண்ணுக்குள்ள தான் ரசமட்டம் இருக்கே."

பெரியப்பா கட்டட மேஸ்திரி. அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. அவரோட ரசமட்டக் கட்டை இன்னும் துறையூர் வீட்டு அலமாரியில இருக்கு. பெரியம்மா சொன்னது விளையாட்டு இல்லை. வாயுக் குமிழி பாதி கரைஞ்சிருந்தா, அந்தக் குமிழியோட விளிம்பு பார்வைக்கு நடுவுல ஒரு கோடா தெரியும். நிஜத்துல குமிழி மேல மிதக்குது, ஆனா கண் எல்லாத்தையும் தலைகீழா வாங்குறதால பார்க்கிறவங்களுக்குக் கோட்டுக்குக் கீழே தண்ணி தளும்புற மாதிரி இருக்கும். தலையைச் சாய்ச்சாலும் கோடு சாயாது. "கோடு நேரா நிக்குது. கதவு தான் இப்படியும் அப்படியும் சாயுது. உங்க பெரியப்பா பார்த்தா இந்தக் கதவை எவன் வச்சான்னு திட்டுவார்"னாங்க.

கடல் மயக்கம் எப்படி வருதுன்னா, காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு 'ஆடுறோம்'ங்குது, அறைச் சுவரைப் பார்க்கிற கண் 'ஆடலை'ங்குது, ரெண்டுக்கும் நடுவுல மூளை குழம்பி வயித்து மேல பழி போடுது. அதனால தான் வெளியே போய்த் தொடுவானத்தைப் பாருன்னு சொல்றது. பெரியம்மாவுக்கு ஜன்னல் இல்லாத அறையிலயும் சொந்தமா ஒரு தொடுவானம்! (இது என் ஊகம் மட்டும் தான், டாக்டர் பதிவர்கள் யாரும் அடிக்க வராதீங்க. அவங்களுக்கு இயற்கையிலயே இரும்பு வயிறாவும் இருக்கலாம்.)

சாயங்காலம் ஆறு மணிக்கு 1004. ஒன்பது மணிக்கு 999. பன்னெண்டு மணிக்கு 994. பிபிசி ரேடியோல கப்பல் வானிலை வாசிக்கிறப்போ 'வேகமாக இறங்குகிறது'ன்னு ஒரு சொல் வரும். அதுக்குக் கணக்கு உண்டு, மூணு மணி நேரத்துல 3.6-ல இருந்து 6 மில்லிபார் வரைக்கும். ஆறைத் தாண்டினா 'மிக வேகமாக'. எத்தனை ராத்திரி அதைத் தாலாட்டு மாதிரி கேட்டுத் தூங்கியிருப்பேன்! அன்னிக்கு அந்தச் சொல்லுக்குள்ளயே உக்காந்திருந்தேன்.

ஒரு மணிக்குப் பெரியம்மா எழுப்பினாங்க. "தம்பி, கண்ணு கனமா இருக்குப்பா."

எனக்கு வாந்தி, தலைசுத்தல் எல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. அவங்க கையைப் பிடிச்சு, இன்னொரு கையில கம்பியைப் பிடிச்சு, அந்த நடைபாதையில... ஒரு நிமிஷம் மேடு ஏறுற மாதிரி, அடுத்த நிமிஷம் பள்ளத்துல ஓடுற மாதிரி. கப்பல் டாக்டர் பார்த்தார், கண் சிவக்கலை, பார்வை இருக்கு, சொட்டு மருந்தை இப்பவே ஒரு தடவை போடுங்க, ஒவ்வொரு மணிக்கும் நல்ல கண்ணை மூடிட்டு விரல் எண்ணச் சொல்லுங்க, எண்ண முடியலைன்னா உடனே வாங்கன்னார். நடுக்கடல்ல வேற என்ன செய்ய முடியும்? ஹெலிகாப்டர் எட்டுற தூரத்துல எந்தக் கரையும் இல்லை.

மல்லாந்து படுக்கக் கூடாது, ஆட்டத்துல ஒருக்களிச்சுப் படுத்தா உருண்டு போயிடுவாங்க. உயிர்காப்பு உடுப்பு ரெண்டையும் எடுத்து மெத்தையோட வெளி விளிம்புக்கு அடியில திணிச்சேன். மெத்தை சுவரோட சேர்ந்து தொட்டில் மாதிரி ஆயிடுச்சு. பழைய மாலுமிகள் செய்யற வேலை, எப்பவோ படிச்சது அன்னிக்கு உதவுச்சு. கப்பல் எங்கேயோ முனகிக்கிட்டே இருக்கு. நடுநடுவுல அணியம் தண்ணியில அறையும், கட்டில் கால் வரைக்கும் அந்த அதிர்வு வரும்.

"பெரியம்மா, இது எத்தனை?"

"மூணு."

"இது?"

"கையை ஆட்டாம காட்டுடா. ரெண்டு."

நாலு மணிக்கு 986. ஏழு மணிக்கு 979. இது 'மிக வேகமாக'. ஒவ்வொரு மணிக்கும் விரல். ஒரு தடவை எண்ண ரொம்ப நேரம் எடுத்தாங்க. எனக்குக் கை நடுங்கிடுச்சு. பார்த்தா தூங்கிப் போயிட்டாங்க! உலுக்கி எழுப்பி, திட்டு வாங்கினேன். நாலு விரலையும் சரியாச் சொல்லிட்டுத் தான் திட்டினாங்க.

பத்து மணிக்கு 974. பத்தரைக்கும் 974. பதினோரு மணிக்கு 975!

அந்த ஒரு மில்லிபாருக்கு நான் குதிச்சதைப் பார்த்தா எங்க பேராசிரியர் என்னை வேற துறைக்கு அனுப்பியிருப்பார். மொத்த இறக்கம் 55, குமிழி நூத்துக்கு அஞ்சரை பங்கு விரிஞ்சிருக்கும். மத்தியானம் சங்கு ஊதி கேப்டன் பேசினப்போ, குறியீட்டு அலை 8 மீட்டர், மையம் எங்களுக்கு வடக்கே போயிடுச்சுன்னார்.

அதோட ஆட்டம் நின்னுடலை. குளிர்முனை தாண்டினதும் காத்து வடமேற்குக்குத் திரும்பிடும், ஆனா பழைய தென்மேற்கு அலை இன்னும் ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டும் குறுக்கே மோத, கப்பல் தயிர் மத்து மாதிரி திருகிக்கிட்டே போகும். அந்த நாள் முழுக்க நான் ஒரு பச்சை ஆப்பிளும் நாலு பிஸ்கட்டும் தான். பெரியம்மா இறங்கிப் போய்ச் சோறு, பருப்பு சூப்பு எல்லாம் சாப்பிட்டுட்டு வந்தாங்க. அன்னிக்குக் கூடத்துல பாதி நாற்காலி காலியாம். பரிமாறுறவர் அவங்களைப் பார்த்துக் கை தட்டினாராம். கண் கனம் சாயங்காலமே குறைஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லை. மேற்கே போறதால பெரும்பாலான ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, நாளுக்கு 25 மணி நேரம், தூக்கத்துக்கு நல்லது. ஆறாம் நாள் கல்ஃப் ஸ்ட்ரீம் மேல போனப்போ கதவெல்லாம் திறந்து விட்டாங்க, டிசம்பர்ல சட்டையோட நின்னோம். மறுநாள் அதை விட்டு வெளியே வந்ததும் ஒரேயடியா உறைகுளிர், கடல் மேல சாம்பிராணிப் புகை மாதிரி ஆவி கிளம்பிட்டு இருந்துச்சு. பெரியம்மா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அதையே ரொம்ப நேரம் பார்த்தாங்க. என்ன நினைச்சாங்கன்னு நான் கேக்கலை.

விடியறதுக்கு முன்னாடி வெரசானோ பாலத்துக்கு அடியில போனோம். புகைபோக்கி இடிக்காம சில மீட்டர் இடைவெளியில தான் போகும், கீழ இருந்து பார்த்தா இடிச்சே தீரும்னு தோணும். புரூக்ளின் துறையில அக்கா வீட்டுக்காரர் வண்டியோட நின்னார். அக்கா வரலை. வலி எடுத்து முந்தின ராத்திரியே ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்களாம், ஒரு வாரம் முன்னாடியே. பெரியம்மா பெட்டியைக் கூட எடுக்கலை, நேரா வண்டியில ஏறி உக்காந்துட்டாங்க. சாயங்காலம் நாலு மணிக்குப் பொண்ணு பிறந்துச்சு.

குழந்தையைக் கையில கொடுத்தப்போ பெரியம்மா முதல்ல தலையை இப்படிச் சாய்ச்சு, அப்படிச் சாய்ச்சுப் பார்த்தாங்க. என்னன்னு கேட்டதுக்கு, "கோடு மூஞ்சியை மறைக்குதுடா, ஒதுக்கிட்டுப் பார்க்கிறேன்"ன்னாங்க.

குமிழி ஜனவரி கடைசியில முழுசா கரைஞ்சுது. நான் ரெண்டாம் நாளே விமானத்துல திரும்பிட்டேன், ஏழு மணி நேரம், ஒரு தூக்கம். கீழே நாங்க ஏழு நாள் நகர்ந்த கடல் மேல ஒரே மேகம், ஒண்ணும் தெரியலை.

அடுத்த வாரம் எனக்குத் தேர்வு, அதனால கடுதாசி வராது. அதுக்கடுத்த வாரம், கேட்டிருந்தீங்களே, ஃபினிஸ்டர்ங்கிற கடல் பகுதிக்கு 2002-ல ஏன் ஃபிட்ஸ்ராய்னு பேர் மாத்தினாங்கங்கிற கதை. வர்ட்டா? :-)